புதன்கிழமை கழற்றிய போல்ட்

1

இந்தக் கதை ஒரு அட்டையிலிருந்து பிறந்தது. உள்ளங்கை அளவுள்ள கெட்டியான வெள்ளை அட்டை. ஆயுத அருங்காட்சியகத்தில் பழைய துப்பாக்கி ஒன்றின் கீழே வைப்பதற்காக நான் எழுதியது. நாற்பது சொற்களைத் தாண்டக் கூடாது என்பது அங்கே விதி. நான் முப்பத்தைந்தில் முடித்தேன்:

"நேராக இழுத்துத் தள்ளும் போல்ட் கொண்ட ராணுவத் துப்பாக்கி. வேகமாகச் சுடலாம். சேற்றில் இறுகிக்கொள்ளும். சுத்தம் செய்து போல்ட்டைத் தவறாக மாட்டினாலும் சரியாக மாட்டியதைப் போலவே தோன்றும், மூடும், சுடும். ஆனால் பூட்டாது. பின்னர் ஒரு ரிவெட் அடித்து இந்தக் குறை நீக்கப்பட்டது. இந்தத் துப்பாக்கியில் அது இல்லை."

நடுவில் இருக்கும் அந்த நீளமான வாக்கியம் உண்மைதானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கப் போய் என் அக்காவின் முகத்தை நான்

[இந்த வாக்கியத்தை எட்டு விதமாக முடித்துப் பார்த்துவிட்டேன். "பணயம் வைத்தேன்" என்றால் நாடக வசனம். "ஆபத்துக்குள்ளாக்கினேன்" என்றால் செய்தித்தாள். அரைகுறையாகவே இருக்கட்டும்.]

கதைகளில் விஷயத்தை ஒளித்து வைப்பார்கள். எனக்கு அதற்குத் தெம்பில்லை. முழுவதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். போல்ட் என்பது துப்பாக்கியின் பின்பக்கம் இருக்கும் இரும்புத் தண்டு. தோட்டாவைக் குழலுக்குள் தள்ளுவதும், அது வெடிக்கும்போது பின்பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்பதும் அதன் வேலை. அது பூட்டாமல் இருந்தால், வெடிப்பின் வேகத்தில் பின்னால் பாயும். பின்னால் இருப்பது சுடுபவரின் கன்னமும் கண்ணும். அந்தத் துப்பாக்கியைப் பார்வையாளர்கள் முன்னால் சனிக்கிழமை சுட்டுக்காட்ட வேண்டியவள் என் அக்கா. புதன்கிழமை நான் யாருக்கும் தெரியாமல் அந்தப் போல்ட்டைக் கழற்றி மாட்டினேன். சரியாக மாட்டினேனா என்று எனக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை வரை அவளிடம் சொல்லவும் இல்லை.

இவ்வளவுதான். இனி வருவது இதை எப்படி எழுதுவது என்ற தவிப்பு மட்டுமே.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "ஆயுதப் பட்டறையில் அந்த முதியவரின் விரல்கள் நடுங்கின..."

இதை என் நண்பனிடம் காட்டினேன். பதிப்பகம் ஒன்றில் பிழைதிருத்துகிறவன். அவனை எல்லோரும் 'காற்புள்ளி' என்றுதான் கூப்பிடுவோம். பேசும்போதும் எங்கேயாவது நிறுத்தி மூச்சு வாங்குவான்.

"யாருப்பா இந்தக் கிழவர்?" என்றான்.

"பட்டறையில வேலை பார்க்கிறவர்."

"உங்க அக்காதானே அங்க வேலை பார்க்குது?"

"ஆமா."

"அப்போ, இவரு எங்கேருந்து வந்தாரு?"

தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். கிழவருக்கு ஏதாவது ஆனால் நான் தாங்கிக்கொள்வேன் என்பதால்தான் அவரைக் கொண்டுவந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. விரல்கள் நடுங்குவதில்லை. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். தேவைப்படும்போது அதைத் தேடி மேஜையெல்லாம் துழாவுவாள். அருங்காட்சியகத்தின் பின்கட்டில், படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் நீள அறைதான் அவள் பட்டறை. பச்சைக் கம்பளித்துணி விரித்த மேஜை, மேஜை ஓரத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பட்டறைப் பிடி, எண் போட்ட மரத்தட்டுகள், சுவரில் பென்சிலால் எழுதிய தொலைபேசி எண்கள். எப்போதும் எண்ணெய் வாசனை. ஒரு துப்பாக்கியைச் சரிபார்த்து முடித்ததும் விசையைச் சுற்றியிருக்கும் விசைக்காப்பு வளையத்தில் ஒரு காகிதச் சீட்டைக் கட்டுவாள். அதில் தேதி, கீழே அவள் கையெழுத்தின் முதல் எழுத்து. சீட்டு தொங்கினால் அந்தத் துப்பாக்கியை அவள் மறுபடி திறந்து பார்க்க மாட்டாள். பதினெட்டு வருடப் பழக்கம் அது.

[இந்தச் சீட்டைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் பயம் முழுவதும் அதில்தான் தொங்குகிறது.]

அவள்தான் எனக்கு அந்த அட்டை எழுதும் வேலையை வாங்கித் தந்தாள். 'வினோத உறுப்புகள்' என்று ஒரு கண்காட்சி. ஐந்து பழைய ராணுவத் துப்பாக்கிகள், ஐந்து அட்டைகள். "வீட்ல உக்காந்து படிச்சிட்டே இருக்கியே, நாலு வரி எழுதவும் செய்யேன்" என்றாள். இயக்குநருக்கு அதில் விருப்பமில்லை. தம்பியைக் கூட்டி வந்துவிட்டாள் என்று நடைபாதையில் யாரிடமோ சொன்னது என் காதிலேயே விழுந்தது.

3

இங்கே கொஞ்சம் கட்டுரை வருகிறது. தாண்டிப் போக நினைப்பவர்கள் போகலாம். ஆனால் புதன்கிழமை நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்கான மனநிலை இதில்தான் இருக்கிறது.

முதல் துப்பாக்கியில், தோட்டாப் பெட்டியின் மேல் குறுக்காகத் தள்ளும் ஒரு தகடு. தள்ளிவிட்டால் பெட்டியில் உள்ள தோட்டாக்கள் மேலே வராது. சிப்பாய் கையால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சுட வேண்டும். பெட்டியில் இருப்பது ஆபத்து நேரத்துக்கு. பதற்றத்தில் எல்லாவற்றையும் சுட்டுத் தீர்த்துவிடுவான் என்று மேலிடத்துக்குப் பயம்.

இரண்டாவதில், இடது பக்கம் ஒரு வட்டத் தகடும் முள்ளும். இரண்டு கிலோமீட்டருக்கும் அப்பால் குறிபார்க்க. அந்தத் தூரத்தில் மனிதன் புள்ளியாகக்கூடத் தெரிய மாட்டான். நூறு பேர் சேர்ந்து வானத்தைப் பார்த்துச் சுட்டால் எங்கேயோ யார் மேலாவது விழும் என்ற கணக்கு. எதிரி கிட்டே வந்துவிடுவானோ என்ற பயம்.

மூன்றாவதில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒன்றின் மூக்கு முன்னதன் பின்பக்கத்தில் இடிக்கும். இடிக்கிற இடம் தோட்டா பற்றிக்கொள்கிற இடம். அதனால் தோட்டாவின் அடியில் ஒரு பள்ளம் வெட்டினார்கள், மூக்கு அங்கே போய் ஒதுங்கட்டும் என்று.

நான்காவதில், கடைசித் தோட்டா போனதும் அதைப் பிடித்திருந்த உலோகக் கவ்வி 'டிங்' என்று துள்ளி வெளியே விழும். அந்தச் சத்தம் எதிரிக்குக் கேட்டுவிடுமோ என்று சிப்பாய்கள் கவலைப்பட்டதாகச் சொல்கிறார்கள்.

படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தோன்றியது: துப்பாக்கி என்பது மற்றவர்களைப் பயமுறுத்துவதற்கு என்று நினைத்திருந்தேன், அதன் ஒவ்வொரு வினோத உறுப்பும் அதை வைத்திருந்தவர்களின் பயம். இரும்பில் வார்த்து, எண்ணெய் போட்டு, எண் குத்திய பயம்.

இதை அக்காவிடம் சொன்னேன்.

"இதெல்லாம் நாப்பது வார்த்தையில அடங்காது," என்றாள், ஒரு ஸ்பிரிங்கைத் துணியில் உருட்டியபடி. பிறகு முதல் துப்பாக்கியின் தகட்டை இழுத்துத் தள்ளிக் காட்டினாள். "இது மாதிரி ஒண்ணு உன் வாயிலயும் வச்சுத்தான்டா அனுப்பிருக்காங்க."

"எதுக்கு?"

"ஆபத்துக்காவது தொறக்குமான்னு பாக்கத்தான்."

சிரித்தோம். அவள் அதிகமாகச் சிரித்தாள்.

ஐந்தாவது துப்பாக்கியின் பெயரை எழுத மாட்டேன். பெயர் தெரிந்தால் நீங்கள் படத்தைத் தேடிப் பார்ப்பீர்கள். படத்தில் அதன் போல்ட் எப்போதும் சரியாக இருப்பது போலவே தோன்றும். அதுதானே சிக்கல்.

4

புதன்கிழமை. மதியம் இரண்டு மணி. ஜன்னல் வழியாக வெயில் பச்சைத் துணியின் பாதியில் விழுந்திருந்தது. சனிக்கிழமை ஏற்பாடுகளைப் பேச அக்கா இயக்குநர் அறைக்குப் போயிருந்தாள். ஐந்தாவது துப்பாக்கி மேஜையில் கிடந்தது. விசைக்காப்பில் சீட்டு. செவ்வாய்க்கிழமைத் தேதி.

நான் அட்டையைத் திரும்பப் படித்தேன். "தவறாக மாட்டினாலும் சரியாக மாட்டியதைப் போலவே தோன்றும்." இதை நான் மூன்று புத்தகங்களில் படித்திருந்தேன். மூன்றும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவையாக இருக்கலாம். நான் நாலாவதா?

அக்கா முன்பே சொல்லியிருந்தாள்: "பாரு, தொடு, படம் வரைஞ்சுக்கோ. கழட்டாத. கழட்டினா நான்தான் மாட்டணும்."

கழற்றினேன்.

போல்ட்டில் இரண்டு பாகம். வெளியே ஒரு உறை, உள்ளே தலை. உறையின் உட்புறம் திருகுப் பள்ளங்கள். உறையை முன்னால் தள்ளும்போது தலை சுழன்று பூட்டிக்கொள்ள வேண்டும். தலையை வெளியே எடுத்து, கொஞ்சம் திருப்பி, மறுபடி செருகலாம். அப்படிச் செருகினால் அது சுழலாது. அப்படிச் செருக விடாமல் தடுக்கும் ஆணிதான் அட்டையில் சொன்ன ரிவெட்.

சரியாக மாட்டித் துப்பாக்கிக்குள் விட்டேன். மூடியது. விசையை அழுத்தினேன். 'க்ளிக்.' வெளியே எடுத்துத் தவறாக மாட்டினேன். மூடியது. 'க்ளிக்.' மறுபடி சரியாக. மறுபடி தவறாக. கைக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எனக்கு வந்தது சந்தோஷம். இதை ஒளிக்கக் கூடாது. என் வாக்கியம் உண்மை, அதற்கு என் கையே சாட்சி என்ற சின்ன, அற்பமான சந்தோஷம். கண்ணை மூடிக்கொண்டு மாட்டினாலாவது தெரியுமா என்று பார்க்க நினைத்தேன். கண்ணை மூடினேன். தலையைத் திருப்பித் திருப்பிச் செருகினேன். அது எங்கேயோ போய் உட்கார்ந்தது.

அந்த நேரத்தில் கதவு தட்டும் சத்தம். காவலாளி.

"சார், டைரக்டர் கூப்பிடுறாங்க. அட்டையெல்லாம் எடுத்துட்டு உடனே வரணுமாம். கோபமா இருக்காங்க சார், சீக்கிரம்."

கண்ணைத் திறந்தபோது போல்ட் என் கையில் முழுதாக இருந்தது. துப்பாக்கிக்குள் தள்ளினேன். மூடியது. சீட்டை நேராக்கினேன். போனேன்.

[கவனியுங்கள்: அப்போது ஒரு நொடி எடுத்து, தலை சுழல்கிறதா என்று பார்த்திருக்கலாம். காவலாளி வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவ்வளவுதான் காரணம். ஒரு மனிதர் வாசலில் நின்றார்.]

இயக்குநர் அறைக்குள் நான் நுழையும்போது அவர் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இனிமே பட்டறையில உங்க கையைத் தவிர வேற யார் கையும் எதுலயும் படக் கூடாது. பட்டுதுன்னு தெரிஞ்சா, சாவி என்கிட்ட வந்துரும். நான் ரெண்டு தடவை சொல்ல மாட்டேன்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "வாங்க எழுத்தாளரே."

அக்கா சொன்னாள்: "அவன் எதையும் தொட மாட்டான் சார். தொடச் சொன்னாலே யோசிப்பான்."

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினால், ஐந்து துப்பாக்கிகளும் பெட்டிகளில் பூட்டி, அரக்கு வைத்து, சுடுகளத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டன.

5

காற்புள்ளி இந்த இடத்தில்தான் தாளைக் கீழே வைத்தான்.

"வாசகன் ஒத்துக்க மாட்டான்பா."

"எதை?"

"சொந்த அக்கா. ஒரு போன். 'அக்கா, நான் கழட்டினேன், ஒரு தடவை பாத்துரு.' ஆறு வார்த்தை. எவன்தான், பண்ணாம இருப்பான்?"

"நான்."

அவன் நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்தான். "பாத்திரம் நிக்கலைப்பா. ஒரு நியாயமான காரணம் குடு. போன் தொலைஞ்சு போச்சுன்னு வை. இல்ல, ஆஸ்பத்திரியில கிடந்தான்னு வை."

வைக்கலாம். ஆனால் போன் தொலையவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"சனிக்கிழமை மைக்ல படிக்க வேண்டிய அட்டையெல்லாம் ஒரு தடவை படிச்சுப் பாத்தியா?"

"ம்."

"கடைசி அட்டை பெருசா இருக்கு. மூச்சு வாங்காம படி."

"ம்."

"என்னடா, குரலே ஒரு மாதிரி இருக்கு?"

"சளி."

"வெந்நீர் குடி. சனிக்கிழமை நீ இருமினா நான் குறி தப்பிருவேன், சொல்லிட்டேன்."

வைத்துவிட்டாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எனக்கு மௌனம் பழக்கம். நாள் முழுக்கப் படிப்பேன், ஒரு பக்கத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் அரை மணி நேரம் சும்மா இருப்பேன். அதை ஆழம் என்று நானே நினைத்துக்கொண்டிருந்த காலம் உண்டு. வியாழக்கிழமை அது வெறும் பயமாகத்தான் இருந்தது.

பாத்திரத்தை நிற்க வைக்க என்னால் முடிந்தது இதுதான். அந்த மூன்று நாளும் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டவை: அவள் சுடுவதற்கு முன் எப்படியும் பார்ப்பாள். (பார்க்க மாட்டாள், சீட்டு இருக்கிறது.) கை பழக்கத்தில் சரியாகத்தான் மாட்டியிருக்கும். (எந்தப் பழக்கம்? இரண்டு தடவை சரி, இரண்டு தடவை தவறு.) சொன்னால் அவளுக்கு வேலை போகும். (சொல்லாவிட்டால் கண் போகும்.) அவளிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லலாம். (சொன்னால் அவள் அதை மறைக்க மாட்டாள், நேரே இயக்குநரிடம் போய்த் தானே சொல்லிவிடுவாள், அவள் அப்படித்தான்.) வெள்ளிக்கிழமை சொல்லலாம். (வெள்ளிக்கிழமை போய்விட்டது.)

வெள்ளிக்கிழமை மூன்று தடவை அவள் எண்ணை எடுத்தேன். மூன்றாவது தடவை மணி அடித்தது. அவள் எடுப்பதற்கு முன் நானே

[போதும். இந்த வாக்கியம் உங்களுக்கே தெரியும்.]

6

சனிக்கிழமை, காலை பதினொரு மணி. சுடுகளம் என்பது மூன்று பக்கம் மண்மேடு எழுப்பிய ஒரு மைதானம். அறுபது பேர் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் இயக்குநர், மடியில் ஒரு கோப்பு. மைதானத்து ஓரத்தில் ஒரு மேஜை, மேஜையில் மைக், மைக் முன்னால் நான், கையில் ஐந்து அட்டைகள். எனக்கு இருபதடி முன்னால் அக்கா, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி.

ஒன்பதரைக்கு நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று டீ குடித்தோம். சர்க்கரை போதுமா என்று கேட்டேன். போதும் என்றாள். நான் கேட்டது அது ஒன்றுதான்.

முறை இது: நான் அட்டையைப் படிக்க வேண்டும். படித்து முடித்ததும் "செவிக்காப்பு அணியவும்" என்று சொல்ல வேண்டும். எல்லோரும் காதுகளை மூடிக்கொண்ட பிறகு அக்கா தன் கழுத்தில் கிடக்கும் செவிக்காப்பை ஏற்றிக்கொண்டு, தோட்டாவைப் போட்டுச் சுடுவாள். நான் அந்த இரண்டு சொற்களைச் சொல்லாமல் அவள் சுட மாட்டாள். சுடுகளத்து விதி.

நான்கு துப்பாக்கிகள் முடிந்தன. நான்காவதின் 'டிங்' சத்தத்துக்குக் கூட்டம் கைதட்டியது.

ஐந்தாவது அட்டை. படித்தேன். "...தவறாக மாட்டினாலும் சரியாக மாட்டியதைப் போலவே தோன்றும், மூடும், சுடும். ஆனால் பூட்டாது." ரிவெட் வரைக்கும் படித்தேன். "இந்தத் துப்பாக்கியில் அது இல்லை."

அப்புறம் இரண்டு சொற்கள் பாக்கி.

ஒலிபெருக்கியில் என் மூச்சு கேட்டது. யாரோ இருமினார்கள். முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவரிடம் "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். இயக்குநர் கோப்பை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். கையால் 'சொல்லுங்க' என்பது போலச் சைகை செய்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. காவலாளி பிறகு சொன்னார், ஒரு நிமிஷம் இருக்கும் சார் என்று. நான் நம்பவில்லை.

அக்கா திரும்பிப் பார்த்தாள்.

கண்ணாடி போட்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் கையை, பிறகு தன் கையில் இருந்த துப்பாக்கியை. சீட்டு அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு நிமிஷம்," என்றாள் கூட்டத்தைப் பார்த்து, சாதாரணமாக. "பழைய சாமான். கொஞ்சம் செல்லம் குடுக்கணும்."

கூட்டம் சிரித்தது. அவள் துப்பாக்கியைத் தன் முன்னால் இருந்த மேடையில் வைத்து, போல்ட்டை உருவி எடுத்தாள். எங்களுக்கு முதுகுதான் தெரிந்தது. குனிந்தாள். முழங்கைகள் அசைந்தன. சரிபார்க்க மட்டும் கழற்றினாலும் முழங்கைகள் அப்படித்தான் அசையும். கழற்றித் திருப்பி மாட்டினாலும் அப்படித்தான் அசையும். மறுபடி உள்ளே விட்டாள். பிறகு என்னிடம் நடந்து வந்தாள். என்னைப் பார்க்காமல் மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

"செவிக்காப்பு அணியவும்."

போய்ச் சுட்டாள். வெடித்தது. தோள் கொஞ்சம் பின்னால் போய் வந்தது. எதிர்மேட்டில் இருந்த காகிதத்தில் நடுவட்டத்துக்குச் சற்று இடப்பக்கம் ஒரு ஓட்டை. கைதட்டல்.

7

வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். நேர்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக அவற்றையும் வைக்கிறேன்.

(அ) அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு "அக்கா, சுடாதே!" என்று கத்துகிறான். அறுபது தலைகள் திரும்புகின்றன. காற்புள்ளிக்கு இதுதான் பிடித்தது. "இங்க விசில் அடிப்பாங்கப்பா," என்றான். நான் இதை இரண்டு பக்கம் எழுதினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அப்படிப்பட்ட தம்பி அவளுக்கு இருந்திருக்கலாம்.

(ஆ) அவன் அந்த இரண்டு சொற்களையும் சொல்லிவிடுகிறான். அவள் காதுகளை மூடிக்கொள்கிறாள். துப்பாக்கியைத் தோளில் வைக்கிறாள். கன்னத்தைக் கட்டையில் சாய்க்கிறாள். விசையை

(ஆ) அவள் விசையை

(ஆ) [எழுத மாட்டேன்.]

(இ) புதன்கிழமை மதியம், இயக்குநர் அறைக்கு வெளியே நடைபாதையில், அவன் அவள் தோளைத் தொட்டு, "அக்கா, அஞ்சாவதைக் கழட்டிட்டேன்" என்கிறான். அவள் தலையில் ஒரு குட்டு வைக்கிறாள். பெட்டியைத் திறந்து சரிபார்க்கிறாள். முற்றும்.

"இதுல கதையே இல்லையேப்பா," என்றான் காற்புள்ளி. ஆமாம். இல்லாமலே போயிருக்க வேண்டிய கதை இது.

8

திரும்பும்போது வேனை அவள் ஓட்டினாள். பின்னால் பெட்டிகள் குலுங்கின. இரண்டு சிக்னல் தாண்டினோம். மூன்றாவதில் சிவப்பு.

"எப்போ?" என்றாள்.

"புதன்கிழமை."

"ஏன்?"

"அந்த வாக்கியம் உண்மையான்னு பாக்க."

அவள் கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டாள். "உண்மையா?"

"உண்மை."

"நல்லது."

பச்சை விழுந்தது. அவள் கிளப்பவில்லை. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். பிறகு கிளப்பினாள்.

"அக்கா... தப்பா இருந்துச்சா?"

அவள் கியரை மாற்றினாள்.

"அக்கா."

"எதுக்குக் கேக்குற?"

"தெரிஞ்சுக்கத்தான்."

"தெரிஞ்சு என்ன பண்ணுவ? சரியா இருந்துச்சுன்னு சொன்னா நிம்மதியாப் போய்ப் படுத்துக்குவ. தப்பா இருந்துச்சுன்னு சொன்னா, உக்காந்து கதை எழுதுவ." வண்டியை இடப்பக்கம் திருப்பினாள். "மூணு நாள் எனக்குத் தெரியாம நீ வச்சிருந்தேல்ல? இது உனக்குத் தெரியாம நான் வச்சிருக்கேன்."

"டைரக்டர்கிட்ட?"

"சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"நடந்ததை. என் தம்பி தொட்டான், சீட்டு கட்டின அப்புறம் நான் திரும்பப் பாக்கலை, ரெண்டும் என் தப்புன்னு."

"சாவி?"

"திங்கட்கிழமை வாங்கிக்கிறாராம்." கொஞ்ச தூரம் போன பிறகு, "அழாதடா. ஓட்டும்போது எனக்கு இது ஆகாது," என்றாள்.

நான் அழுதுகொண்டிருந்தேனா? எழுதும்போது யோசித்துப் பார்க்கிறேன். அவள் சொன்னதால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

9

சாவி ஐந்து வாரம் அவரிடம் இருந்தது. பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் பெட்டிகளைத் திறக்கத் தெரிந்த வேறு ஆள் அங்கே இல்லை. அந்த ஐந்து வாரமும் அவள் பட்டறையை விட்டு வெளியே, வாசலில் நுழைவுச்சீட்டு கிழித்துக் கொடுத்தாள். நான் இதை எழுதினேன். கதை எழுதுவேன் என்று வேனில் அவள் சொன்னபடியே.

எழுதியதை அவளிடம் கொடுத்தேன். ஒரு வாரம் வைத்திருந்துவிட்டுப் பென்சில் திருத்தங்களோடு அனுப்பினாள். "பட்டறைப் பிடி மேஜை ஓரத்துல இல்ல, நடுவுல." "நாப்பத்தாறு இல்ல, நாப்பத்தஞ்சு. நவம்பர்லதான்." (இந்த இரண்டையும் திருத்தவில்லை. என் நினைவில் இருப்பது வேறு.) "செல்லம்" என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டு, "இதைச் சொன்னேனா? நல்லா இருக்கு" என்று எழுதியிருந்தாள். போல்ட்டை உருவி எடுத்த இடத்தில் முழங்கைகளைப் பற்றிய மூன்று வாக்கியங்களையும் கடந்து போயிருந்தாள். ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்த்தேன், அழித்த தடம் ஏதாவது இருக்கிறதா என்று. இல்லை.

ஆக, போல்ட் எப்படி இருந்தது என்று நான் உங்களுக்குச் சொல்ல முடியாது. இதைத் தாங்கிக்கொள்ள முடியும் என்று எனக்கே இப்போது தோன்றத் தொடங்கியிருக்கிறது. தாங்க முடியாதது வேறொன்று.

ஆறாம் பகுதியில், "அக்கா திரும்பிப் பார்த்தாள்" என்ற வரி இருக்கிறதல்லவா, அதை அவள் ஒரு கோட்டால் அடித்திருந்தாள். ஓரத்தில், சிறிய, நேரான எழுத்தில்:

"நான் திரும்பலைன்னு வச்சுக்கோ. அடுத்த வரி என்ன?"

கீழே அளவுகோல் வைத்து மூன்று கோடுகள் போட்டிருந்தாள். நிரப்புவதற்கு.

நான் அந்த மௌனத்தால் அவளை எச்சரித்தேன் என்று காற்புள்ளி நினைக்கிறான். கதையைப் படிப்பவர்களும் அப்படித்தான் நினைப்பார்கள். நான் அப்படி நினைக்க விட்டுத்தான் எழுதியிருக்கிறேன், பாருங்கள், இடம் விட்டு, மூச்சு விட்டு. ஆனால் மைக் முன்னால் நின்றவனுக்கு எச்சரிக்கும் எண்ணம் இருந்ததா? இயக்குநர் சைகை காட்டியபோது என் வாய் திறந்தது. அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. உதடுகள் ஒட்டியிருந்து பிரிந்த அந்தச் சின்னச் சத்தம் ஒலிபெருக்கியில்கூட வந்தது. எதைச் சொல்லத் திறந்தது? "செவிக்காப்பு" என்றா, "அக்கா" என்றா? அந்த நொடியில்தான் அவள் திரும்பினாள், வாய் மூடிக்கொண்டது.

பதினோரு நாளாக அந்த மூன்று கோடுகள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். "நான் கத்தியிருப்பேன்" என்று எழுதினேன், அழித்தேன். "நான் அந்த இரண்டு சொற்களைச் சொல்லியிருப்பேன்" என்று எழுதினேன். அதை அழிக்கும்போது தாள் கொஞ்சம் கிழிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவள் சாப்பிட வருகிறாள். தாளைக் கேட்பாள். அதனால் இந்தப் பக்கத்தை உங்களிடம் தருகிறேன். என்னை ஒன்பது பகுதிகளாகப் பார்த்திருக்கிறீர்கள், என்னைவிட உங்களுக்குத் தெரிய வாய்ப்பிருக்கிறது. பேனா வேண்டாம், பென்சிலால் எழுதுங்கள். என்மேல் இரக்கப்பட்டு எதையும் எழுதிவிடாதீர்கள். படிக்கப் போகிறவள் அவள்.

.....................................................................

.....................................................................

.....................................................................